அக்கா வீட்டில் 65,536 கதவுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கு மிளகாய்ப்பொடியா, சட்னியா என்று நான் தீர்மானிப்பதற்குள் டெலிபோன் அடித்தது. கனடாவிலிருந்து அக்கா பையன்.

"மாமா, ஒரு சின்ன வேலை. அம்மா வீட்டு ரவுட்டர்ல ஒரு போர்ட் ஃபார்வர்டு பண்ணணும். பத்து நிமிஷம்தான்."

சாஃப்ட்வேர்க்காரர்கள் சொல்கிற பத்து நிமிஷமும் கல்யாண சமையல்காரர் சொல்கிற 'இதோ பந்தி ரெடி'யும் ஒரே ஜாதி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் "ஆகட்டும்பா" என்று சொல்லிவிட்டேன். சகதர்மிணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மிக்ஸி சுவிட்ச் மாத்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடற ஆளு..." என்று ஆரம்பித்து, பெரிய மனசு பண்ணிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நாலு வருஷம் தபால் இலாகா. கம்ப்யூட்டர் படித்தவனில்லை. ஆனால் விலாசம் என்றால் என்ன, விலாசம் தப்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அக்கா பையனுக்குத் தெரியாது. இந்தச் சமாசாரம் முழுக்க முழுக்க விலாச சமாசாரம் என்பது பிறகுதான் புரிந்தது.

அக்காவுக்கு எழுபத்தாறு. வாலாஜாபாத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலத்தில் வீட்டில் நாலு தறி ஓடியது. இப்போது கூடத்தில் ஒரே ஒரு குழித்தறி. அதற்கு ஒரு புருஷன் பெண்டாட்டி காலையில் வந்து சாயங்காலம் போவார்கள். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடம்புக்கு ஒருவர், கரைக்கு இன்னொருவர். புருஷன் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா கொடுப்பவர் அந்தப் பெண். போன ஐப்பசி மழையில் அக்கா கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, முக்கால் மணி நேரம் நனைந்தபடியே கிடந்தாள். தறிக்கு வந்த அந்தப் பெண்தான் பார்த்துத் தூக்கியது.

கனடாக்காரன் ஆடிப்போய்விட்டான். உடனே காமிரா. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பையன் வந்து தெருவாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று மாட்டி, டி.வி. பக்கத்தில் ஒரு ரெக்கார்டர் பெட்டியும் வைத்துவிட்டுப் போனான். (விழுந்தது கொல்லைப்புறத்தில். காமிரா வைத்தது கூடத்தில். இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

வீட்டுக்குள் வைஃபையில் படம் நன்றாகத் தெரிந்தது. டொராண்டோவில் தெரியவில்லை. காமிராக் கம்பெனியின் ஆப் இருக்கிறது, அதில் போட்டால் உலகத்தில் எங்கிருந்தும் தெரியும் என்றான் மாட்டிய பையன். அக்கா பையன் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது அந்தக் கம்பெனி சர்வர் வழியா வரும் மாமா. எங்கம்மாவ நான் பாக்கறதுக்கு எவனோ ஒருத்தன் நடுவுல எதுக்கு? நேரா பாத்துக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

செங்கல்பட்டில் வண்டி ஏறி, பாலூர், பழையசீவரம் தாண்டி வாலாஜாபாத்தில் இறங்கினேன். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிற ஊர். ஒரு காலத்தில் கும்பினிக்காரன் இங்கே பட்டாளம் வைத்திருந்தான். வாசலுக்கு வாசல் பாரா நின்றிருக்கும். எனக்கு அக்கா வைத்திருந்தது கேழ்வரகு அடை.

அடை இறங்கியதும் கனடாவிலிருந்து பாடம் ஆரம்பமாயிற்று. அவன் சொன்னதை நான் தபால் பாஷையில் மாற்றிச் சொல்கிறேன்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் வேண்டும். 1981-ல் விதி எழுதியவர்கள் மொத்தம் 429 கோடி விலாசம் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது கம்ப்யூட்டர் இருந்தது பல்கலைக்கழகங்களிலும் ராணுவத்திலும்தான். ஆகவே பந்தியின் முதல் வரிசைக்குப் பரிமாறுகிற மாதிரி வாரி இறைத்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு கல்விக்கூடத்துக்கு 1 கோடியே 67 லட்சம் விலாசம்! (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை.) 2017-ல் அதில் ஒரு பங்கை அவர்கள் விற்றுக் காசாக்கினார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் திறந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். நாம் இலை போட்டு உட்காரும்போது பாயசம் அடிப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பிலிருந்து கடைசி மொத்தப் பங்கீடும் முடிந்து, அண்டா காலி.

இது வரும் என்று தெரிந்து 1994-லேயே ஒரு தற்காலிக ஏற்பாடு யோசித்து வைத்தார்கள். அதன் பெயர் நாட். வீட்டுக்கு ஒரே விலாசம், உள்ளே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். தற்காலிகம் என்று சொல்லி ஆரம்பித்ததெல்லாம் என்ன ஆகும் என்பது அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். முப்பது வருஷமாக உலகமே அதில்தான் ஓடுகிறது.

நான் முதலில் வேலை பார்த்த ஊரில் ஒரே கதவிலக்கத்தில் ஒன்பது குடித்தனம் உண்டு. வாசல் திண்ணையில் வீட்டுக்கார அம்மாள். ஒன்பது குடித்தனக் கடிதமும் அந்த அம்மாள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். யார் யாருக்கு எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுப்பார். யாரும் எழுதாமல் தானாக ஒரு கடிதம் வந்தால்? உள்ளே யாருக்கு என்று எழுதியிராவிட்டால் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அடுப்புக்குப் போகும்.

அந்த அம்மாள்தான் ரவுட்டர். உள்ளே இருக்கிற செல்போன், டி.வி., ரெக்கார்டர் பெட்டி எல்லாம் குடித்தனக்காரர்கள். அவர்களுக்கு 192.168 என்று ஆரம்பிக்கிற உள்வீட்டு எண் உண்டு. என் வீட்டிலும் 192.168.1.4 இருக்கலாம், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வாசலைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. டொராண்டோவிலிருந்து பையன் வந்து கதவைத் தட்டினால், யாரும் அவனுக்கு எழுதியதாக நோட்டில் இல்லையே... அம்மாள் துரத்திவிடுவார்.

போர்ட் என்பது கதவு. ஒவ்வொரு விலாசத்திலும் 0 முதல் 65,535 வரை எண் போட்ட கதவுகள் உண்டு. வெப் பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட வெப் பக்கத்துக்கு 443, மெயில் சர்வருக்கு 25 என்று சிலது உலக வழக்கு. அக்கா வீட்டு ரெக்கார்டருக்கு 8000. போர்ட் ஃபார்வர்டு என்றால், வீட்டுக்கார அம்மாளிடம் நிரந்தரமாகச் சொல்லி வைப்பது: "8000 என்று கேட்டு யார் வந்தாலும் சரி, 192.168.1.4 குடித்தனத்துக்கு அனுப்பிடுங்க."

'யார் வந்தாலும்' என்ற வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

ரவுட்டரைக் கவிழ்த்தால் முதுகில் ஒரு ஸ்டிக்கர். 192.168.1.1 என்ற விலாசம், பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனால், அப்பப்பா! சரவண பவன் மெனு கார்டு மாதிரி பட்டியல். கடைசியில் கண்டுபிடித்தேன், 'போர்ட் டிரிக்கரிங்' என்று. ஃபார்வர்டிங் பக்கத்தில் ஏகப்பட்ட கட்டம், அதிலும் உள்வீட்டு எண் வேறு கேட்டான். டிரிக்கரிங் பக்கத்தில் உள்வீட்டு எண்ணே கேட்கவில்லை. சுலபமாக இருக்கிறதே என்று அதில் இரண்டு இடத்திலும் 8000 போட்டு, சேவ் கொடுத்து, ஜம்மென்று கனடாவுக்குச் சொன்னேன்.

வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பையன் கண்டுபிடித்தான்.

"அய்யோ மாமா, அது வேற!"

வேறுதான். டிரிக்கரிங்கில் கதவு எப்போதும் மூடித்தான் இருக்கும். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே போனால், உதாரணமாக 6667-ஆம் கதவு வழியாக ஒரு அரட்டை சர்வருக்குப் போனால், "இந்தப் பிள்ளை வெளியே போயிருக்கு, இதைத் தேடி 113-ல் ஆள் வரும்" என்று அம்மாள் புரிந்துகொண்டு அந்தக் கதவை அந்தப் பிள்ளைக்காக மட்டும் திறந்து வைப்பார். கொஞ்ச நேரம் சந்தடி இல்லையென்றால் தானே சாத்திவிடுவார். யார் வெளியே போனாரோ அவருக்குத்தான் கதவு, அதனால் உள்வீட்டு எண் எழுதித் தர வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு ஆளுக்குத்தான் என்பது குறை. பழைய அரட்டை புரோகிராம்களுக்கும் சில விளையாட்டுகளுக்கும் இது தேவைப்பட்டது. ரெக்கார்டர் பெட்டியோ மூலையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா. தானாக வெளியே போகாது. அது போகாவிட்டால் கதவு திறக்காது. பையன் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

அதை அழித்து, ஃபார்வர்டிங் பக்கத்தில் ஒழுங்காக நிரப்பினேன். அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. மறுபடி பார்த்தால் 192.168.1.4 என்ற எண் டி.வி.க்குப் போய்விட்டது! கரண்ட் வந்ததும் யார் முதலில் எழுந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு எண் கொடுப்பது ரவுட்டரின் வழக்கமாம். ரெக்கார்டரின் எண்ணை ரிசர்வ் பண்ணி வைக்க வேண்டும். ரயிலில் துண்டு போடுகிற மாதிரி. அதையும் போட்டேன்.

அப்போதும் வரவில்லை.

மூன்றாம் நாள். அக்கா தினம் ஒரு பலகாரம் செய்து போட்டாள். "உனக்குத் தெரியலன்னா விட்டுடேன்டா" என்று ஆறுதல் வேறு. அன்று பையன் சொன்னான்: "மாமா, ரவுட்டர் ஸ்டேடஸ்ல வெளி விலாசம் என்னன்னு பாருங்க." பார்த்தேன். 100.72 என்று ஆரம்பித்தது. அங்கே ஒரு பெருமூச்சு கேட்டது.

100.64-லிருந்து 100.127 வரை ஆரம்பிக்கிற விலாசம் நிஜ விலாசமே இல்லை. 2012-ல் இன்டர்நெட் கம்பெனிகளுக்கென்றே ஒதுக்கிய உள்ளூர் எண். நம் கேபிள்காரருக்கும் விலாசப் பஞ்சம், அதனால் பல வீடுகளைச் சேர்த்து ஒரே வெளி விலாசத்தில் வைத்திருக்கிறார். அதாவது, தெருக்கோடியில் இன்னொரு வீட்டுக்கார அம்மாள், இன்னொரு நோட்டு! நான் மூன்று நாளாக நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். பையனை மடக்கித் திருப்பி அனுப்பியது தெருக்கோடியில். அங்கே என் உத்தரவு செல்லாது.

நீங்களும் இந்த மாதிரி மண்டையை உடைத்துக்கொள்வதாக இருந்தால், முதல் காரியமாக இதைப் பாருங்கள். ரவுட்டர் காட்டுகிற வெளி விலாசமும், செல்போனில் 'என் ஐ.பி. என்ன' என்று கேட்டால் வருகிற விலாசமும் வேறு வேறாக இருந்தால், பெரும்பாலும் இதே கதைதான். ஃபார்வர்டிங் பக்கத்தைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். எனக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு கிலோ எடை கூடியிருக்க மாட்டேன்.

கேபிள்காரத் தம்பி வந்தார். "ஸ்டாடிக் ஐ.பி. போட்டுக்கலாம் சார், மாசம் இருநூறு ரூபா எக்ஸ்ட்ரா." புதன்கிழமை மாலை போட்டார். அடுத்த நிமிஷம் டொராண்டோவில் படம்!

அந்த நேரத்தில் பையன் பேசவே இல்லை. செல்லில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. கூடத்தில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். அந்தக் கூடமும், தறிச் சத்தம் இல்லாவிட்டாலும் தறியும், அம்மாவும். "அம்மா தலையெல்லாம் வெளுத்துடுச்சி மாமா" என்றான். வீடியோ காலில் தினம் பார்க்கிறவன்தான். வீடியோ காலுக்கு அக்கா தலை வாரிக்கொண்டு உட்காருவாள் என்பது அவனுக்குத் தெரியாது.

வியாழனன்று அக்கா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "அவன் பாக்கறானில்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிவிட்டேன். கிளம்புமுன் ரெக்கார்டரில் 'லாக்' என்றொரு பக்கம் இருப்பதைப் பார்த்துத் திறந்தேன். தபால்காரன் புத்தி, எந்த ரிஜிஸ்தரைப் பார்த்தாலும் புரட்டத் தோன்றும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்கிற வருகைப் பதிவேடு அது.

புதன்கிழமை ராத்திரி முதல் பக்கம் பக்கமாக 'லாகின் தோல்வி'. எங்கெங்கோ இருக்கிற விலாசங்கள். நிமிஷத்துக்கு ஒன்று, சில சமயம் பத்து. வாலாஜாபாத்தில் ஒரு கிழவி வீட்டுக் கதவு எண் 8000 திறந்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

யாரும் சொல்ல வேண்டியதில்லையாம். 2013-ல் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினார்கள். நல்ல வேகமான லைன் இருந்தால், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து உலகத்தின் அத்தனை விலாசத்திலும் ஒரு கதவைத் தட்டிப் பார்க்க 45 நிமிஷத்துக்குள் முடியும். உலகம் முழுக்க! நாங்கள் ஒரு பீட் தபால் கொடுக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டோம். இந்தத் தட்டுதல் ராப்பகலாக நடக்கிறது, திறந்த கதவுகளைத் தேடித் தருவதற்கென்றே ஷோடான் என்று ஒரு தேடுதளம்கூட 2009-லிருந்து உண்டு.

திறந்த கதவில் என்ன செய்வார்கள்? முதலில், வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பார்கள். 2016-ல் மிராய் என்றொரு நாசகாரப் புரோகிராம் வந்தது. சுமார் அறுபது ஜோடிப் பெயர், பாஸ்வேர்டு மட்டும்தான் அதன் கையிருப்பு. அட்மின் அட்மின், ரூட் 123456 இந்த மாதிரி. அதை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான காமிரா, ரெக்கார்டர், ரவுட்டர்களைப் பிடித்து அடியாள் படை ஆக்கிக்கொண்டது. அந்தப் படையை ஏவி 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற கம்பெனியைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் படுத்துவிட்டன. அந்தப் புரோகிராமை எழுதியது யார் தெரியுமோ? மூன்று அமெரிக்கப் பையன்கள். விளையாட்டு சர்வர் தொழில் போட்டியில் ஆரம்பித்ததாம். நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் தாக்கப்பட்டு, வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது.

இதெல்லாம் பிறகு படித்தது. அன்று லாகை உருட்டிக்கொண்டே வந்தபோது ஒரு வரியில் கை நின்றது.

வெள்ளிக்கிழமை, பகல் 11.32. லாகின் வெற்றி. 11.43-க்கு வெளியேற்றம்.

கனடாக்காரனைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு எங்க நேரம் பதினொண்ணரைக்கு நீ பாத்தியா?"

"அப்ப இங்க ராத்திரி ரெண்டு மணி மாமா. தூங்கிட்டிருந்தேன்."

ரெக்கார்டர் பாஸ்வேர்டு என்ன என்று மாட்டிய பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எல்லா வீட்டுக்கும் 123456தான் சார் வெப்போம். மறந்துடுவாங்க இல்ல?" நான் மூன்று நாளாக கதவு திறப்பதிலேயே குறியாக இருந்தவன். பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பதினோரு நிமிஷம். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருப்பாள். ஐம்பது வருஷ வழக்கம். தறியில் அந்தப் பெண், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு.

ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். பாஸ்வேர்டு தட்டிப் பார்க்கிற மெஷின் உள்ளே வந்துவிட்டுத் தானே போயிருக்கலாம். மனுஷன் பார்த்திருக்கவும் கூடும். 2014-ல் ஒரு வெப்சைட்டே நடத்தினார்கள், பாஸ்வேர்டு மாற்றாத 73 ஆயிரம் காமிராக்களின் படத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டு. 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக் காமிராவில் பதிவான பெண்களின் படங்களை இன்டர்நெட்டில் விற்றுப் போலீஸில் மாட்டினார்கள். அந்தப் பெண்களிடம் யார் போய், எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

நான் சொல்ல வேண்டியது இரண்டு பேரிடம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், தறியில் மேல்துணியாகப் போட்டிருந்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி (நான் பிடித்துக்கொண்டேன்) கூடத்துக் காமிரா மேல் போர்த்தினாள். இறங்கியதும், "அவன் பாக்கறான்னு பட்டுச் சேலை கட்டினேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சமையலறையை விட்டு வரவில்லை.

தறிக்காரப் பெண் கேட்டதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. "எங்களயும் பாத்தானா சார்? காமிரா அம்மாவுக்குத்தானன்னு இருந்தேன்." காமிரா மாட்டும்போது அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகலில் அக்காவை விட அதிக நேரம் அந்தக் கூடத்தில் இருப்பது அந்தப் பெண்.

முதலில் ஃபார்வர்டிங்கை அழித்தேன். ரெக்கார்டரை அடியோடு துடைத்து, புது சாஃப்ட்வேர் போட்டு, நீளமான பாஸ்வேர்டு வைத்தேன். ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றினேன். யு.பி.என்.பி. என்று ஒரு வசதி உண்டு. உள்ளே இருக்கிற பெட்டிகள் நம்மைக் கேட்காமலே ரவுட்டரிடம் சொல்லித் தங்களுக்குக் கதவு திறந்துகொள்ளும். அதையும் அணைத்தேன். பையன் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. 'எவனோ ஒருத்தன் நடுவுல எதுக்கு' என்று சொன்னவன் அல்லவா.

பிறகு அவனே வழி சொன்னான். அந்த வழியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முதல் நாள் தப்பாக நிரப்பிய டிரிக்கரிங் பக்கத்தின் புத்திதான் அது. வெளியிலிருந்து ஆள் வரக் கதவைத் திறக்காதே, உள்ளேயிருந்து ஒருவர் வெளியே போகட்டும்.

ஒரு சோப்புப் பெட்டி அளவு கம்ப்யூட்டர். அதில் வயர்கார்டு என்ற வி.பி.என். புரோகிராம். அது அக்கா வீட்டிலிருந்து கிளம்பி டொராண்டோவில் பையன் வீட்டுக்குப் போய் ஒரு சுரங்கம் மாதிரி வழி போட்டுக்கொள்ளும். அங்கே அவனுக்கு நிஜ விலாசம் இருக்கிறது. சுரங்கத்தின் சாவி இரண்டு வீட்டில் மட்டும். அங்கே மட்டும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். திறந்திருக்கும், ஆனால் சாவி இல்லாதவன் தட்டினால் 'யாரது' என்ற பதில்கூட வராது, வீடே இல்லாத மாதிரி இருக்கும் என்றான். தெருக்கோடி அம்மாளும் தடுக்க மாட்டார். உள்ளேயிருந்து போனவருக்கு வருகிற பதில்தானே, நோட்டில் இருக்கிறது. ஆகவே ஸ்டாடிக் ஐ.பி.யும் வேண்டாம், மாசம் இருநூறு ரூபாய் மிச்சம்.

புதிய ஐ.பி.வி.6 முறையில் விலாசப் பஞ்சமே கிடையாது, ஒவ்வொரு செருப்புக்கும் தனி விலாசம் கொடுக்கலாம் என்கிறார்கள். இந்தியாவில் அது நன்றாகவே பரவியிருக்கிறது, 2016-ல் வந்த ஜியோ அதில் முக்கியப் பங்கு. அப்போது நோட்டு வைத்த அம்மாள் தேவையில்லை. ஆனால் வாசலில் காவல் என்ற விஷயம் அதிலும் அப்படியே இருக்கிறது என்று பையன் சொன்னான்.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை அவன் கனடாவிலிருந்தே தயார் பண்ணி, ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். நான் செய்தது பிளக்கைச் சொருகியது மட்டும். நிஜமாகவே பத்து நிமிஷம்.

அக்காவுக்கு விளக்கினேன். "இது 25 செகண்டுக்கு ஒரு தடவை அவன் வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பும்க்கா. சேதியில ஒண்ணும் இருக்காது. நான் இருக்கேன்னு சொல்ற மாதிரி. அப்பத்தான் நோட்டுல நம்ம பேரை அடிக்காம வெச்சிருப்பாங்க."

"ராத்திரி பூராவா?"

"ராத்திரி பூரா."

அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டியது.

கூடத்துக் காமிரா மேல் துண்டு இன்னும் இருக்கிறது. தறி நிறுத்தி அந்தப் பெண் புருஷனோடு வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு அக்காவே அதை எடுக்கிறாள். ஸ்டூல் வேண்டாம் என்று ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், இழுத்தால் விலகும். அங்கே காலை ஒன்பதரை. ஒன்பது மணிக்குக் கயிற்றை விட்டுவிட்டுப் படுக்கப் போவாள். கொல்லைப்புறக் கிணற்றடிக்குப் போகிற வழியில் தறிக்காரர் ஒரு பெரிய மணியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து கைக்கு எட்டுகிற உயரத்தில் கயிறு விட்டிருக்கிறார். அடித்தால் தறிக்குக் கேட்கும்.

போன வாரம் போயிருந்தேன். ஏழு மணிக்கு அக்கா கயிற்றை இழுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து அவரை உரிக்க ஆரம்பித்தாள். பழைய சேலைதான். தலையும் வாரவில்லை.